கயிலைக்குக் காலால் போகிறவருக்கு

கேள்வி: எங்கள் ஊர் அம்மையார் தலையாலேயே நடந்து கயிலை சேர்ந்தார். நான் காலால் போகலாமென்று இருக்கிறேன். பாதையும் பனியும் எப்படி?
– நிரவி வாசகர், காரைக்கால்

பதில்: கயிலையில் யாரும் ஏறுவதில்லை, சுற்றுவதோடு சரி. 52 கிலோமீட்டர், பொதுவாக மூன்று நாள். சோதனை இரண்டாம் நாள் டோல்மா கணவாயில்தான். உயரம் 5,600 மீட்டருக்கு மேல். காரைக்கால் கடற்கரையில் இழுக்கிற மூச்சில் பாதி ஆக்ஸிஜன்தான் அங்கே கிடைக்கும். அம்மையாருக்கு மூச்சு வாங்கியதாகச் சேக்கிழார் எழுதவில்லை. உங்களுக்கு வாங்கும்.

ஜூனில் போனால் கணவாயில் பனி கிடக்கலாம். விடியுமுன் கிளம்பிவிடுங்கள்: இரவுக் குளிரில் இறுகிய பனி காலைத் தாங்கும், வெயில் ஏறினால் முழங்கால் வரை விழுங்கும். பிற்பகல் காற்றை நம்பவே கூடாது. ஜூலை, ஆகஸ்டில் பனி குறையும், மழையும் சேறும் கூடும். ஏறுவதைவிடக் கௌரி குண்டம் பக்கம் பாறையில் இறங்குவதுதான் முழங்காலைக் கேள்வி கேட்கும்.

2020இல் நின்ற அரசு யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கிவிட்டது. வயது 18 முதல் 70 வரை. உடல் நிறை குறியீடு 25ஐத் தாண்டக் கூடாது. டெல்லியில் மருத்துவச் சோதனை உண்டு. தசையை உதறிப் பேயுரு கொண்ட அம்மையார் அதில் முதல் ஆளாகத் தேறியிருப்பார். உங்கள் சிக்கல், யாத்திரைக் காலத்தை ஒட்டியே ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவும் வருவது. மாடியிலிருந்து எறிகிற பழத்தைத் தாராளமாகப் பிடியுங்கள். பிடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.