ஐந்தாவது உறுப்பு: ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்கிறார் வள்ளுவர், 950ஆம் குறளில். நோயாளி, மருத்துவர், மருந்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர். சாத்துக்குடிப் பையோடு வந்து எட்டிப் பார்ப்பவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த நான்கையும் நந்நான்காகப் பிரித்துக் காட்டிய பரிமேலழகர் கண்ணிலும் அவர் படவில்லை. (நோயாளிக்குரிய நான்கில் முதலாவதாக உரையாசிரியர் வைப்பது பொருளுடைமை. பில் கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் அதே கருத்துடையவர்.) இந்த விடுபாட்டை நிரப்பவே இவ்வாய்வு. குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆறு நாள் படுத்திருந்த கட்டிலே என் ஆய்வுக்களம்.

தொல்காப்பிய நெறிப்படி இத்திணைக்கு நிலம் வார்டு. பொழுது மாலை 4 முதல் 6 வரை. வாட்ச்மேனைத் தெரிந்தவர்க்கு எல்லாப் பொழுதும் ஆகும். கருப்பொருள் பிளாஸ்க், பன், ஆப்பிள். உரிப்பொருள், விசாரித்தலும் விசாரித்தல் நிமித்தமும். விசாரித்தல் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி அரைமணி நேரமும் நிமித்தம்தான்: பஸ் கூட்டம், கேன்டீன் காபி, யாரோ விற்ற மனை.

நிமித்தத்துள் தலையாயது உவமை கூறல்.

"எங்க பெரிய மாமாவுக்கும் இதே ஆபரேஷன்தான், மாப்ளே. சும்மா ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"அவரை விடுங்க. அவருக்கு வயசாயிடுச்சு."

"என்ன வயசு?"

"உங்க வயசுதான் இருக்கும்."

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் செவிலியம் பற்றி எழுதிய நூலில், வெற்று ஆறுதலும் அறிவுரையும் நோயாளியைப் படுத்தும் பாட்டுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நோயாளியின் கட்டிலில் உட்காராதே, சாயாதே, அதை ஆட்டாதே, அவர் காதுபட அறைக்குள் குசுகுசுக்காதே என்றும் சொல்கிறார். இங்கிலாந்தில் இருந்த அம்மையாருக்கு எங்கள் பெரியத்தையை எப்படித் தெரிந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்து, ஹார்லிக்ஸ். 1873இல் அமெரிக்காவில் இரு சகோதரர்கள் தொடங்கிய தொழில் இது. அதைக் குடிப்பதற்கென்று அவர்கள் நினைத்திருக்கலாம். நம் ஊரில் அது செலாவணி. எனக்கு வந்த நான்கு பாட்டில்களில் ஒன்றின் மூடியில், எங்கள் தெருமுனைக் கடைக்காரர் பச்சை மையில் எழுதிய விலை இருந்தது. சந்தேகமே இல்லை, போன ஆடியில் பக்கத்துத் தெருக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நான் வாங்கிப் போனதுதான். நடுவில் எத்தனை கட்டில்களைப் பார்த்ததோ, சீல் உடையவில்லை. உடைத்துக் குடிக்க என் மகன் கை நீட்டினான். "வை அதை, சின்னப் பாட்டிக்கு அடுத்த வாரம் முழங்கால்" என்றாள் மனைவி.

இங்கேதான் ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். கல்யாண மொய்க்கு நோட்டு உண்டு. ஆஸ்பத்திரி மொய்க்கு வீட்டுக்காரியின் ஞாபகமே நோட்டு. மயக்கம் தெளிந்து நான் கேட்ட முதல் வாக்கியம், "உங்க அக்கா வீட்ல இருந்து இன்னும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல" என்பது. வந்தவர்களும் இதை அறிவார்கள். ஆகவேதான் நான் தூங்கும்போது வந்த ஒருவர், "பரவாயில்ல, தூங்கட்டும்" என்று மனைவியிடம் மட்டும் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். வரவு ஆகிவிட்டது, நான் எதற்கு?

ஆறாம் நாள் சட்டை மாற்றிக்கொண்டு, பில்லும் கட்டியாயிற்று. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே சகலை, கையில் பை, மூச்சு வாங்கிக்கொண்டு. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். நான் செருப்போடு நிற்பதைப் பார்த்து அவர் முகம் விழுந்துவிட்டது.

"கிளம்பிட்டீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். சிஸ்டரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, விரிப்பு எடுத்த கட்டிலில் பத்து நிமிடம் மறுபடி படுத்துக்கொண்டேன். சகலை கட்டிலின் ஓரத்தில் நன்றாக உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்றார்.