சிவப்புக்கு எதிரி பிடிப்பது எப்படி?

ஒன்றாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகத்தில் 'ஹாட்'டுக்கு 'கோல்டு', 'பிக்'குக்கு 'ஸ்மால்' என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது பிள்ளை தலையைத் தூக்கி, "அப்பா, ரெட்டுக்கு ஆப்போசிட் என்ன?" என்று கேட்கும். அப்படி ஒன்று கிடையாது என்று உண்மையைச் சொல்லித் தொலைக்காதீர்கள். அப்பாவுக்குத் தெரியவில்லை என்ற செய்தி அடுத்த நிமிடம் சமையலறைக்குப் போய்விடும். சிவப்புக்கு எதிரிகளா இல்லை? அரை டஜன் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கேட்பவர் யார், என்ன தொழில் என்று பார்த்து, பொருத்தமான ஆளைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தால் போதும்.

பெரும்பாலோர் யோசிக்காமல் பச்சை என்பார்கள். சிக்னலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். குறுக்கு விசாரணைக்கு இதோ சரக்கு. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ரயில்வேயில் சிவப்பு என்றால் நில், வெள்ளை என்றால் போ. பச்சை நடுவில், 'பார்த்துப் போ' என்று சொல்லும் சில்லறை உத்தியோகத்தில் இருந்தது. இதில் ஒரு வில்லங்கம். சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரியும்; டிரைவர் வழி கிடைத்துவிட்டது என்று அடித்துக்கொண்டு போவார். இது உறைத்த பிறகுதான் வெள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பச்சைக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே வைத்த முதல் சாலை சிக்னலிலும் பச்சைக்கு அதே 'கவனம்' வேலைதான். அந்த கேஸ் விளக்கு அடுத்த மாதமே வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரரைக் காயப்படுத்தியது.

பச்சைக் கட்சிக்காரர் இன்னும் அடங்கவில்லையா? ஜான் டால்டனை இறக்குங்கள். அணுக் கொள்கை தந்த அதே டால்டன்தான். 1794இல் தன் கண்ணின் கோளாறைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தார். முத்திரை அரக்கின் சிவப்பும் லாரல் இலையின் பச்சையும் அவருக்கு ஏறக்குறைய ஒரே நிறம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்த வகை நிறக் குழப்பம் உண்டு. நாம் பரம வைரிகள் என்று பிரித்து நிறுத்திய இருவரும் அவர்கள் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

வாய்ப்பேச்சில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் செய்முறை இருக்கிறது. தேவையானவை: வீட்டில் இருப்பதிலேயே பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று (குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் கிடைக்கும்), வெள்ளைத் தாள் ஒன்று, அழுக்குப் படாத வெள்ளைச் சுவர் கொஞ்சம். பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றாவதுதான் சிரமம். பொட்டைத் தாளின் நடுவில் ஒட்டி, நல்ல வெளிச்சத்தில் அரை நிமிடம் கண்ணை அசைக்காமல் பாருங்கள். சிறிது நேரத்தில் பொட்டைச் சுற்றி மெல்லிய ஒளி விளிம்பு கட்டும். சட்டை செய்ய வேண்டாம். பிறகு சட்டென்று சுவரைப் பாருங்கள். யாரும் ஒட்டாத பொட்டு ஒன்று அங்கே மிதக்கும். பார்வையைத் திருப்பினால் கூடவே வரும். கவனியுங்கள், அது இலைப் பச்சை அல்ல, நீலம் கலந்த பச்சை. சிவப்பைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்த கூம்பு செல்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, மற்ற செல்கள் மட்டும் வேலை பார்ப்பதால் வெள்ளைச் சுவர் அங்கே அப்படித் தெரிகிறது.

இந்த நிறத்தை பிளெக்ஸ் அடிக்கும் கடையில் கேட்டால் சயான் என்பார்கள். திரையில் சிவப்பு 255, 0, 0 என்றால் சயான் 0, 255, 255. இரண்டு ஒளியையும் சேர்த்தால் வெள்ளை. கறாரான எதிரி வேண்டும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்பு மிஸ் இதற்கு மார்க் போடுவார் என்று மட்டும் உத்தரவாதம் தர முடியாது. மிதக்கும் பொட்டை விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். ரத்தத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சர்ஜன் நிமிர்ந்து வெள்ளைத் துணியைப் பார்த்தால் இதே பேய் அங்கேயும் ஆடும். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், வெள்ளையின் கூச்சம் தாங்காமல் ஆபரேஷன் அறையைப் பச்சைக்கு மாற்றினார். பச்சைத் துணியில் பச்சைப் பேய் எடுபடாது.

அரசியல் பேசுகிறவர் கேட்டால், எந்த நாடு என்று விசாரித்துவிட்டு வாயைத் திறங்கள். ரஷ்ய உள்நாட்டுப் போரில் செம்படையை எதிர்த்து நின்றது வெண்படை. பிரிட்டனில் சிவப்பு தொழிற்கட்சி, எதிரே நீலம் பழமைவாதக் கட்சி. அட்லாண்டிக்கைத் தாண்டினால் தலைகீழ்: வலதுசாரிக் குடியரசுக் கட்சிதான் சிவப்பு. ஏதோ தாத்தா காலத்து மரபு என்று எண்ண வேண்டாம். 2000 தேர்தலில் புளோரிடா இழுபறியால் வாரக்கணக்கில் மாநிலங்களுக்குக் கட்சி நிறம் பூசிய வரைபடத்தையே தொலைக்காட்சியில் காட்டிக் காட்டி ஒட்டிக்கொண்ட வழக்கம் இது. 1980இல் ரீகன் ஜெயித்த மாநிலங்களுக்கு என்.பி.சி. தொலைக்காட்சி பூசியது நீலம்.

நீலம்தான் எதிரி என்று முடிவு கட்டியவர்கள் பிளம்பரையும் வானியலாளரையும் ஒரே நாளில் வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. பிளம்பர் மாட்டும் குழாயில் சிவப்புக் குறி வெந்நீர், நீலக் குறி பச்சைத் தண்ணீர். வானியலாளரோ உங்களை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய், செந்நிறமாய்த் தெரியும் திருவாதிரையைக் காட்டுவார். மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின். அதே ஓரியன் கூட்டத்தின் எதிர்மூலையில் நீலவெள்ளையாக மின்னும் ரைகல் சுமார் 12,000 கெல்வின். அவர் கணக்கில் சிவப்புதான் ஆறிப்போன சரக்கு.

பணம் பற்றிய கேள்வி என்றால் ஆளைப் பார்த்து மாற்றிச் சொல்லுங்கள். ஆடிட்டருக்கு எதிர் கருப்பு. சிவப்பு மை நஷ்டம், கருப்பு மை லாபம். ஷேர் பார்க்கிறவருக்கு எதிர் பச்சை. ஆனால் ஷாங்காய் சந்தையில் சிவப்பு ஏற்றம், பச்சை இறக்கம். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால் அங்கே இனிப்பு வாங்குவார்கள், இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

எலக்ட்ரீஷியனிடம் மட்டும் எந்த விவாதமும் வைத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். சிவப்புக்கு ஜோடி கருப்புதான் என்று அவர் சொன்னால், ஆமாம் அண்ணே என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இல்லை, பச்சைதான் என்று அவர் இல்லாத நேரத்தில் முடுக்கிப் பார்த்தால் மெயின் ட்ரிப் ஆகும். திரும்ப வருவதற்கு அவர் தனியாகக் காசு கேட்பார்.