இரண்டு சபைக்கு ஒரே முகம்

மேற்கு டெல்லியில் பங்கா சாலையை ஒட்டி, டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் திட்டப்படி எழுபதுகளில் வளர்ந்த ஜனக்புரி, ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளால் பகுக்கப்பட்ட குடியிருப்பாகும். பஞ்சாபிக் குடும்பங்கள் மிகுந்த அப்பகுதியில், மத்திய அரசு அலுவலகங்களை நம்பி வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் இருப்பதால், சமூகவியலார் தனியே கவனிக்கத்தக்க ஒரு மனித வகை அங்கே நிலைபெற்றுள்ளது. இவ்வகையினரை ‘விசேஷ மாமி’ என்று குறிப்பிடலாம். விசேஷம் என்பது திருமணம், வரவேற்பு, சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என நான்கு பேர் கூடி, அவர்களில் இருவராவது புகைப்படம் எடுக்கும் எந்நிகழ்ச்சிக்கும் பொருந்தும். மாமி என்பது டெல்லித் தமிழரிடையே நாற்பதைத் தாண்டிய, குரலில் தயக்கமில்லாத பெண்மணி எவருக்கும் வழங்கப்படுவது. மற்ற நாள்களில் இவரைப் பால் பூத்திலோ காய்கறி வண்டியருகிலோ காண்பவர்கள் இவ்வகையை அடையாளம் காண இயலாது. அழைப்பிதழ் வீட்டுக்குள் நுழைந்த கணத்திலிருந்துதான் இவருடைய சிறப்பியல்புகள் வெளிப்படத் தொடங்குகின்றன.

அழகாகத் தோன்றுவதே இவருடைய நோக்கம் என்று கருதுவது மேலோட்டமான முடிவாகும். ஒரே மாலையில் இரண்டு சபைகளின் முன் தேறுவதே இவருடைய நோக்கம். அந்த இரண்டு சபைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறான விதிகளை வைத்துக்கொண்டிருப்பதே இவருடைய சிக்கல். முதலாவது, அடுத்த வீடுகளிலும் எதிர் வீடுகளிலும் வாழும் பஞ்சாபிப் பெண்மணிகளின் சபை. விசேஷத்துக்கு நன்றாகத் ‘தய்யார்’ ஆகி வருவது அழைத்தவருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர்கள் கொள்கை. வெறும் முகத்துடன் வந்தவரை அவர்கள் குறை கூறமாட்டார்கள், ஆனால் உடம்புக்கு என்ன, வீட்டில் ஏதாவது சண்டையா என்று உண்மையான அக்கறையுடன் விசாரிப்பார்கள். இரண்டாவது, மயிலாப்பூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ரயிலேறி வந்திறங்கும் உறவினர்களின் சபை. முகத்தில் பூச்சு இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அது வயதுக்கு மீறியது என்பது அவர்கள் கொள்கை. அவர்களும் குறை கூறமாட்டார்கள், ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதை மறக்கவும் மாட்டார்கள். ஆகவே இவருடைய ஒப்பனை, பதினைந்தடி தொலைவில் நிற்கும் எதிர்வீட்டம்மாளுக்குத் தெரிய வேண்டும். ஒன்றரையடி தொலைவில் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் அத்தைக்குத் தெரியக் கூடாது. கிட்டத்தில் மறைந்து தொலைவில் புலப்படும் பொருள் ஒளியியலில் அரிது என்பதை விசேஷ மாமி ஒரு தடையாகக் கருதுவதில்லை.

இரண்டாவது சபையின் கடுமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முகத்தில் கனமாகப் பூசுவது அரிதாரம், அதாவது கூத்துக்கும் நாடகத்துக்கும் உரிய வேடப்பூச்சு என்பதே பழைய தலைமுறையின் கணிப்பு. பின்னர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் லாரிக் கணக்கில் பயன்பட்டதாக அசோகமித்திரன் வேடிக்கையாக எழுதிய ‘பேன்கேக்’ பூச்சு, ஒப்பனை சினிமாக்காரர்களின் சொத்து என்னும் எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்தியது. குடும்பப் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டவை கஸ்தூரி மஞ்சளும், டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொள்ளும் பவுடரும், 1938ஆம் ஆண்டு முதல் சென்னையில் தயாராகும் ஐடெக்ஸ் கண்மையும்தான். இவற்றுள் எதுவும் ஒப்பனைக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1952இல் டாட்டா குழுமம் லக்மே நிறுவனத்தைத் தொடங்கியது விசேஷ மாமிக்குப் பெரிய உதவியாயிற்று. உப்பும் லாரியும் செய்யும் வீட்டிலிருந்து வருவது ஆடம்பரமாக இருக்க முடியாது என்று அவர் மாமனாரிடம் ஒருமுறை வாதிட்டு வென்றிருப்பார். அந்த நிறுவனம் 1998இல் இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போய்விட்ட செய்தி வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை.

தேர்வுப் பணி திலக் நகர்ச் சந்தையில் தொடங்குகிறது. முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது ஃபவுண்டேஷன், அதாவது தோலின் நிறத்திலேயே அமைந்து அதன் மேடுபள்ளங்களை மறைக்கும் அடித்தளப் பூச்சு. இதில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று நிறத்தின் அடர்த்தி, மற்றது ‘அண்டர்டோன்’ எனப்படும் உள்நிறம், அதாவது தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ எழும் சாயல். கடைப் பையன் மணிக்கட்டில் தடவிக் காட்டுவான். விசேஷ மாமி கையை இழுத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பார்க்க யாரும் கல்யாணத்துக்கு வருவதில்லை என்று இந்தியில் தெளிவுபடுத்தி, முகமும் கழுத்தும் சந்திக்கும் தாடையோரத்தில் மூன்று வகைகளை இழுக்கச் செய்வார். நெற்றியில் இருக்க வேண்டிய திருநீற்றுப் பட்டை இடம் தவறிக் கன்னத்துக்கு வந்துவிட்டாற்போன்ற அந்த மூன்று கோடுகளுடன் அவர் கடையை விட்டு வெளியேறி, நடைபாதையில் சூரியனை நோக்கி நின்று கைக்கண்ணாடியில் பார்ப்பார். கடைக்குள் எரியும் மஞ்சள் விளக்கு எந்த நிறத்தையும் பொருத்தமாகவே காட்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. பொருத்தமான கோடு எதுவென்றால், தோலோடு கலந்து காணாமற்போவது. இந்த விதிப்படி, எதையும் கவனிக்காத கணவர் மிகத் துல்லியமான கருவியாக அமைந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மூன்று கோடுகளையும் பார்த்து, எங்கே ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்பதால், அவரிடமிருந்து எந்த முடிவையும் பெற முடிவதில்லை. அவர் பையைப் பிடித்துக்கொள்வதற்குப் பயன்படுத்தப்படுகிறார்.

வாங்கிய பொருளை நேரே விசேஷத்துக்கு அணிந்து செல்வது இவ்வகையினரிடம் காணப்படாத பழக்கம். தமிழ் வீடுகளில் மார்கழியில் கல்யாணம் இல்லையாதலால், தை முகூர்த்தங்களுக்கான ஒத்திகை மாதமாக இவர் மார்கழியை வகுத்துக்கொண்டிருக்கிறார். ஒத்திகைக் களம், 1973இல் குடமுழுக்குக் கண்டு ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் நிற்கும் உத்தர சுவாமிமலைக் கோயில், அதாவது டெல்லிவாசிகளின் வழக்கில் மலை மந்திர். 2018 மே மாதம் ஜனக்புரி மேற்கு நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலின் மெஜந்தா தடம் ஓடத் தொடங்கியது இவருடைய ஆய்வுக்குக் கிடைத்த பெருவாய்ப்பு. சுரங்கத்துக்குள் வண்டி ஓடும்போது ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. இடையில் சங்கர் விஹார் பக்கம் வண்டி தரைக்கு மேலே வரும்போது பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. வசந்த் விஹார் நிலையத்தில் இறங்குவதற்குள் இருவகை ஒளியிலும் முகத்தைச் சோதித்து முடித்துவிடலாம். எதிர் இருக்கையில் இருப்பவர், இந்த அம்மாள் தம்மையே உற்றுப் பார்ப்பதாக நினைத்து இடம் மாறுவதுண்டு.

மலை மந்திரில் மூன்று சோதனைகள் நடைபெறும். முதலாவது வேர்வைச் சோதனை: டிசம்பர்க் குளிரில் வேர்வை தானாக வராது என்பதால், ஸ்வெட்டரும் சால்வையும் கழற்றாமல் படிகளை விரைந்து ஏறுவார், பக்தியின் வேகம் என்று கருதி மற்றவர்கள் வழிவிடுவார்கள். இரண்டாவது நிறமாற்றச் சோதனை. பூசிய அரை மணி நேரத்தில் ஃபவுண்டேஷன் ஒரு படி கறுத்துப்போவதைக் கடைக்காரர்கள் ‘ஆக்சிடைஸ்’ ஆகிறது என்பார்கள். பூச்சிலுள்ள ஆவியாகும் திரவம் பறந்துபோக, எஞ்சிய இரும்பு ஆக்சைடு நிறமிகள் தோலின் எண்ணெயில் நனைந்து அடர்த்தியாகத் தெரிவது அதற்கு முக்கியமான காரணம். வரிசையில் நிற்கும் நேரம் இதற்குச் சரியாகப் போதும். மூன்றாவது ஆராதனைச் சோதனை: கற்பூரத் தட்டில் உள்ளங்கைகளைக் காட்டிக் கண்களில் ஒற்றிக்கொள்ளும்போது மை எவ்வளவு கைக்கு வருகிறது என்பது. விளக்குப் புகைக்கரியை நெய்யிலோ விளக்கெண்ணெயிலோ குழைத்த பழைய மை எண்ணெயின் இயல்பால் கரைந்து பரவும். மெழுகும் பிசினும் சேர்த்துச் செய்த இக்காலப் பென்சில் மை காய்ந்து படிந்துவிடும். உள்ளங்கை வெள்ளையாக இருந்தால் முருகன் அருள் கிடைத்ததாக இவர் கொள்வார்.

உண்மையான தேர்வு நாள் என்பது, ஜனக்புரித் தமிழ்ப் பெண் பஞ்சாபிப் பையனை மணக்கும் நாள். காலையில் தமிழ் முறைத் திருமணம், மாலையில் பஞ்சாபி முறை வரவேற்பு என அமையும் அந்நாளில் இரண்டு சபைகளும் ஒரே கூரையின்கீழ்க் கூடுகின்றன. காலைப் பகுதியில் ஆபத்து ஹோமப் புகையோடு முடிந்துவிடும். நெற்றியில் மட்டும் ஒரு கூடுதல் ஏற்பாடு தேவைப்படுகிறது: பூச்சு வழுக்காமல் பிடித்துக்கொள்ள முதலில் தடவும் ‘பிரைமர்’ என்னும் சிலிக்கோன் களிம்பின்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாதாகையால், பொட்டளவு வட்டத்தைப் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். இதை அறியாதவர்களின் பொட்டு, சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

மாலைப் பகுதி கடினமானது. தை மாத இரவில் புல்வெளியில் பந்தல் போட்டு, இடையிடையே வெப்பமூட்டிகளை நிறுத்தியிருப்பார்கள்; அவற்றின் அருகே நிற்பவரின் ஒரு கன்னம் உருகும், மறு கன்னம் டெல்லிக் குளிரில் வறண்டு செதிலாகும். விசேஷ மாமி இதற்காகச் சீரான இடைவெளியில் திசை மாறி நிற்பார். அடுத்தது உதட்டுச் சாயம். ஒட்டாத வகை என்று விற்கப்படும் திரவச் சாயத்தில் ஐசோடோடெக்கேன் போன்ற விரைவில் ஆவியாகும் திரவம் பறந்துபோய், சிலிக்கோன் பிசினும் நிறமியும் மெல்லிய படலமாக உதட்டில் தங்கிவிடுகின்றன. அப்படலம் தண்ணீருக்கு அஞ்சாது, எண்ணெய்க்குத் தளரும். எனவே வரவேற்பு விருந்தின் பட்டியல் முழுவதும், கோல்கப்பா என்னும் பானிபூரி நீங்கலாக, உதட்டுக்கு எதிரானது. கோல்கப்பாவோ வாயை முழுதும் திறக்கச் செய்து படலத்தை விளிம்பில் விரிசலாக்கும். எச்சில் படாமல் டம்ளரைத் தூக்கிக் குடிக்கும் வழக்கத்தை நிலைநாட்டிய முன்னோர்கள், தாங்கள் அறியாமலே உதட்டுச் சாயத்தைக் காக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று விசேஷ மாமி நன்றியுடன் நினைவுகூர்வது இவ்விடத்தில்தான். ஆனால் காகிதக் கோப்பையில் கொதிக்கக் கொதிக்கத் தரப்படும் காபியை எந்த முன்னோரும் தூக்கிக் குடித்ததில்லை.

மதிப்பீடு வீடு திரும்பியதும் தொடங்கி ஒரு வாரம் நடைபெறும். முதல் வகைச் சான்று பொருள்கள் தருவது: சால்வையின் கழுத்தோரம், ரவிக்கையின் விளிம்பு, கைப்பேசியின் திரை ஆகியவற்றில் ஒட்டியிருப்பது எவ்வளவு என்று ட்யூப்லைட்டின் கீழ் ஆராயப்படும். இரண்டாம் வகை புகைப்படங்கள். வெயில் காப்புக் களிம்பிலுள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும், மேலே தூவும் மென்பொடியிலுள்ள சிலிக்காவும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியடிப்பதால், நேரில் இயல்பாகத் தெரிந்த முகம் படத்தில் வெளுத்து, கழுத்துக்குத் தொடர்பற்றதாக நிற்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழும்போது மணமக்களை இவர் பார்ப்பதே இல்லை. மூன்றாம் வரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் தம்மை மட்டும் இரு விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று பதில் எழுதுவார்.

மூன்றாவதும் முடிவானதுமான சான்று வாய்மொழி. திருச்சி அத்தை முகவாயைத் தொட்டு, “நீ ஒண்ணுமே போட்டுக்கலையாடி? வெறும் மூஞ்சிக்கே இத்தனை களையா?” என்று கேட்க வேண்டும்; அதே இரவில் எதிர்வீட்டு அம்மாள் பந்தலின் மறுகோடியிலிருந்து வந்து, “கௌன்ஸா ஷேட் ஹை, பாபிஜி?” என்று நிறத்தின் பெயரைக் கேட்க வேண்டும். இரண்டும் கிடைத்தால் முழு வெற்றி. அத்தையிடம் மஞ்சளும் பயத்தமாவும் என்று பதில் சொல்லவும், எதிர்வீட்டம்மாளிடம் நிறுவனத்தின் பெயர், எண், தள்ளுபடி விலை உள்பட அனைத்தையும் ஒப்பிக்கவும் இவர் முன்னரே தயாராக இருப்பார். எந்தச் சோதனையிலும் இடம்பெறாத ஓர் ஆபத்து இதற்குப் பிறகே எழுகிறது. கல்யாணப் பெண்ணோ ஜனக்புரித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், தமிழும் இந்தியும் ஒரே வேகத்தில் பேசுபவள், புகுந்த வீட்டையும் பிறந்த வீட்டையும் அறிமுகப்படுத்திவைக்கும் உற்சாகத்தில் அத்தையையும் எதிர்வீட்டம்மாளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து மொழிபெயர்க்கத் தொடங்கக்கூடியவள். ஆகவே விருந்தின் கடைசி ஒரு மணி நேரம் முழுவதும், அத்தைக்கு இங்கே காற்று வரும், அங்கே சத்தம் அதிகம் என்று ஏதாவது சொல்லி அந்த இருவரையும் பந்தலின் இரு கோடிகளில் இருத்திவைப்பதிலேயே விசேஷ மாமியின் திறமை அனைத்தும் செலவாகிறது. அந்த வேலைக்கு உதவும் பொருள் எதையும் எந்த நிறுவனமும் இதுவரை சந்தைக்குக் கொண்டுவரவில்லை.