ஈப்போவில் வீணைக்குக் கம்பி

ஈப்போ, புந்தோங்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வீணை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வீணை நன்றாக இருக்கிறது. கம்பிகள்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன.

தஞ்சாவூர் சித்திரையை மனத்தில் வைத்து, மெழுகு இளகும், மெட்டு நகரும் என்று எத்தனை எச்சரிக்கை சொல்லி அனுப்பினீர்கள்! இருபத்து நான்கு மெட்டும் இம்மி அசையவில்லை. நம்மூர் அளவுக்கு இங்கே காய்வதில்லை. ஈரம்தான் வில்லன். மத்தியானமானால் மழை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் வீணை என்றெல்லாம் அதற்கு மரியாதை கிடையாது. மாட்டிய மாதத்திலேயே சாரணிக் கம்பி துருப்பிடிக்கிறது. கம்பியை முறுக்கும் பிரடை வழுக்கினால் சுண்ணக்கட்டி தடவச் சொன்னீர்கள். இங்கே அது வழுக்கினால்தானே? ஊறி இறுகி, திருப்பினால் என் மணிக்கட்டுதான் சுருதி சேருகிறது. வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்துவைக்கிறேன். கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

கையிருப்பு தீர்ந்ததும் டவுனில் கிடார் விற்கிற கடைக்குப் போனேன். "என்ன நம்பர்?" என்றார் கடைக்காரச் சீனர். "முப்பது" என்றேன். அவர் எடுத்துவந்ததைப் பார்த்தால் திருவாரூர்த் தேரையே இழுக்கலாம். நம் கணக்கில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 30 என்றால் 0.315 மில்லிமீட்டர். கிடார்க்காரர்கள் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு எண்ணுகிறார்கள். எண் ஏறினால் தடிக்கும். அவர்களுடைய 12-தான் ஏறக்குறைய நம்முடைய 30. அளவுகோலை எடுத்து இரண்டு பேரும் சமாதானமானோம். சுற்றில்லாத எஃகுக் கம்பியை ஒற்றையாகவே தருகிறார். சாரணி, பஞ்சமம், பக்கத்துத் தாளக் கம்பிகள் மூன்று, எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிட்டது.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் ஒரு லாரி முதலாளியும் உண்டு. அவர் குரல் ஒன்றரைக் கட்டை, பாடிக்கொண்டேதான் வாசிப்பாராம். அவருக்காக அதே கம்பியைத் தளர்த்தினால் அது தொய்ந்து, மெட்டில் அழுத்தும்போதே சுருதி ஏறிப்போகிறது. தண்டியின் நீளத்தை மாற்ற முடியாது; சுருதி இறங்கினால் கம்பி தடித்தாக வேண்டும். அவருடைய வீணைக்கு 28 போட்டேன். கமகம் இழுக்கும்போது முகத்தைச் சுளிக்கிறார். பாவத்தோடு வாசிக்கிறார் என்று அவர் மனைவிக்குப் பெருமை.

மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும்தான் இங்கே ஆள் இல்லை. கிடாரின் வெண்கலச் சுற்றுக்கம்பியைப் போட்டுப் பார்த்தேன். விரல் நகரும் இடமெல்லாம் சரக் சரக் என்கிறது, பித்தளை மெட்டையும் அராவித் தின்கிறது. எனக்கு வேண்டாம்.

ஒரு மாணவி கைப்பேசியில் ஐரோப்பியக் கருவி ஒன்றைக் காட்டினாள். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு மரச் சக்கரம் தந்திகளை உராய்ந்து ஒலிக்கிறது. சக்கரம் படும் இடத்தில் தந்திக்குப் பஞ்சு சுற்றுகிறார்கள், சக்கரத்துக்குக் குங்கிலியம் பூசுகிறார்கள். பஞ்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நாதம் கெடுமாம். தம்புரா ஜீவாவுக்கு நூல் நகர்த்தி நகர்த்தி நீங்கள் திட்டுகிற திட்டு நினைவுக்கு வந்தது. அந்த ஊர்ச் சித்தப்பாக்கள் என்ன பாஷையில் திட்டுவார்களோ.

கிடார்க் கம்பியின் முனையில் குட்டிக் குண்டு ஒன்று இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, நாகபாசத்தில் மாட்டக் கண்ணி முறுக்க வேண்டும். என் விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தவர், கம்பியைப் பிடுங்கி நாலு முறுக்கில் முடித்துவிட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மரத்தைச் சுற்றி, பால் வடியும் மங்கு மாட்டக் கம்பி கட்டிய கையாம் அது. தோட்டம் இப்போது செம்பனைக் காடாகிவிட்டது. கை அப்படியே இருக்கிறது. தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கமும் போகவில்லை. விடியுமுன் கதவைத் தட்டி, "இன்னைக்கு எந்தக் கம்பிம்மா?" என்கிறார்.

அவரைக் கோலகங்சாருக்கு அழைத்துப்போனேன். 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. எல்லாரும் அதனோடு படம் எடுத்துக்கொள்ள, பாட்டி மட்டும் இடுப்பில் கைவைத்து முறைத்தார். "இவனாலதானே எங்க ஆத்தா கப்பல் ஏறுனா!"

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் வருகிற ஆளிடம் வழுவழுப்பான மந்தரம், அனுமந்தரம் கம்பிகள் மட்டும் கொடுத்தனுப்புங்கள். எஃகு வேண்டாம். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். சித்தி ஊறுகாய் ஜாடிக்குள் சொருகிவிடப் போகிறாள், உப்பு பட்டால் கம்பி போச்சு. ஜாடியும் வரட்டும். கண்ணி முறுக்குகிற கூலியாகப் பாட்டி தஞ்சாவூர்க் குடமிளகாய் மோர் வற்றல் கேட்கிறார், அரைக் கிலோவுக்குக் குறையாமல்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்