ஐம்பது வயதில் யளனகபக

இளமையில் கற்ற வித்தையைக் கொண்டே ஓய்வு பெறும் வரையில் சௌக்கியமாகக் காலந்தள்ளிவிடலாம் என்று நம்பி உத்தியோகத்தில் அமர்ந்த குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். அந்த நம்பிக்கைக்கு விரோதமாக, எங்கள் காரியாலயத்தில் கணிப்பொறிகள் வந்து இறங்கிய மறுமாதமே, ஐம்பதைத் தாண்டியவர்களும் தமிழ்த் தட்டச்சுப் பயின்று வரவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. பேனாவைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தியறியாத நானும் கடைத்தெருவில் ஒரு மாடியின்மேல் நடந்துவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு, சாயங்காலந்தோறும் மூச்சு வாங்கப் படியேறலானேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு, விடுமுறையை வீணாக்கலாகாது என்று பெற்றோரால் அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியர்தாம் அங்கே என் சகபாடிகள். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி என்னையே மாஸ்டர் என்று கருதி எழுந்து நின்று வணங்கினாள். உண்மையான மாஸ்டருக்கோ என் மூத்த மகன் வயதுகூட இராது. "சார், கீயைப் பார்க்காதீங்க சார்" என்று அவர் வெகு மரியாதையாகத்தான் அதட்டுவார்.

முதற் பாடம் 'யளனகபக'. இதில் 'ய'வை அடிக்கவேண்டிய பொறுப்பு இடக்கைச் சுண்டுவிரலினுடையது. பிறந்தது முதல் காது குடைவதைத் தவிர வேறொரு தொழிலும் செய்தறியாத அவ்விரல், தன் வேலையைப் பக்கத்து விரலிடம் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தது. என்னோடு அத்தனை வருஷம் காரியாலயத்துக்கு வந்து போன விரல் அல்லவா?

அதனினும் விபரீதம் புள்ளி. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை அமைத்துத் தந்த புண்ணியவான், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள். 247 எழுத்துக்களை ஒரு சிறு யந்திரத்துக்குள் அடக்குவது சாமானிய காரியமன்று. ஆகவே அதில் அடித்தாலும் உருளை நகராத 'நகரா விசை'கள் சில உண்டு; புள்ளி அவற்றுள் ஒன்று. 'க்' வேண்டுமானால் முதலில் வெற்றுத்தாளில் புள்ளியை வைத்துவிட்டுப் பிறகு அதன் கீழே 'க'வை அடிக்கவேண்டும். பிள்ளை பிறக்குமுன் நெற்றிப் பொட்டை வைத்துவிடுவது போல. இலக்கணம் கற்ற மனம் இதற்கு இணங்க நெடுங்காலம் பிடித்தது. கடைசியில் இணங்கியது மட்டுமன்று, பேனாவால் எழுதும்போதும் புள்ளியை முதலில் வைக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன்.

இவ்விதம் பாண்டித்தியம் பெற்றுத் திரும்பி வந்து பார்த்தால், காரியாலயக் கணிப்பொறியில் இருந்ததோ 'தமிழ்99' என்னும் வேறொரு விசைப்பலகை. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசாங்கம் அங்கீகரித்த அந்த ஏற்பாட்டில், உயிரெழுத்துக்கள் இடப்புறம், மெய்கள் வலப்புறம். எழுத்து முதலில், புள்ளி பின்னால். போதாக்குறைக்கு, 'அம்மா' என்பதற்கு 'ம'வை இருமுறை தட்டினால் முதல் 'ம'வுக்குரிய புள்ளியை யந்திரம் தானே வைத்துக்கொள்கிறது!

தமிழ்99 சிறந்த விசைப்பலகை என்பதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. வயோதிகம் கல்விக்குத் தடை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளேன். அரும்பாடுபட்டுக் கற்றதை மறப்பதற்குத்தான் எங்களுக்குக் கூடுதல் அவகாசம் தேவைப்படுகிறது. ஆதலால் நடுவயது கடந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி வகுக்கும் கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம்: எந்த விசைப்பலகை என்பதைத் தீர்மானித்துக்கொண்டு, அதன்பிறகு எங்களை மாடிப்படி ஏறச் சொல்லுங்கள்.