உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்

சித்திக்கு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாது என்பது அபாண்டம். காப்பாற்றுவார், தனியாகச் சுமக்க மாட்டார், அவ்வளவுதான். கூட நாலு பேரைச் சேர்த்துக்கொள்வார். நாலு பேருக்கும் தனித்தனியாகப் போன், தனித்தனியாக ஒரு ‘உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்’.

அதற்கு முன் குரல் தாழும். வீட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் வாசல் பக்கம் ஒரு பார்வை போகும். முந்தானை வாயருகே வரும். போனில் பேசும்போதும் முந்தானை உண்டு.

என் ஹெச்பிஏ1சி அப்படித்தான் ஊர்வலம் போனது. கடந்த மூன்று மாதம் நாம் என்ன தின்றோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்க் கணக்கு. எனக்கு 6.9. ரிப்போர்ட் வந்த நேரம் பார்த்து சித்தி கூப்பிட்டார், வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மத்தியானம் கும்பகோணத்து அத்தை அழுதுகொண்டே பேசினார். அவருக்குப் போய்ச் சேர்ந்த எண் 9.6. சாயங்காலம் துபாயிலிருந்து மச்சான்: “கால் மரத்துப்போச்சாமே, மாப்ளே?” மூன்றாம் நாள் கூரியரில் ஆவாரம்பூப் பொடியும் சிறுகுறிஞ்சானும் வந்தன. அனுப்பியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அம்மாவிடம் நானே சொல்வதாக இருந்தேன். ஊருக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதபடி. நான் பஸ் ஏறுவதற்குள் அம்மா இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள். இதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாணம். பாயச வாளி என் இலையைத் தாண்டிப் போயிற்று. கூப்பிட்டேன். “சாருக்கு ஊத்த வேணாம்னு சொன்னாங்களே” என்றார் பரிமாறுகிறவர். பந்தி வரைக்கும் ரிப்போர்ட் போயிருக்கிறது! பக்கத்து இலையில் சித்தி, இரண்டு கரண்டி வாங்கி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

சண்டைக்குப் போனால் கோபமே வராது அவருக்கு. “நல்லதுக்குத்தானடா சொன்னேன். நாலு பேர் வேண்டிக்குவாங்கல்ல?” வேண்டிக்கொண்டார்கள்தான். வைத்தீஸ்வரன்கோயில் திருநீறு மூன்று வீட்டிலிருந்து வந்தது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும் என்ற பாவனையில், கண்ணால் ஜாடை காட்டிக் கொடுத்தார்கள்.

போன மாதம் சித்தி வீட்டில் தோசை மாவு எடுக்க பிரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில், மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பின்னால், இன்சுலின் பேனா மூன்று. திரும்பினால் சித்தி நிற்கிறார்.

“எத்தனை வருஷமா?”

“ஒன்பது.”

“சித்தப்பாவுக்குத் தெரியுமா?”

“அவர் என்னைக்குடா பிரிட்ஜைத் திறந்திருக்கார்?”

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். முந்தானை வாயருகே வந்தது.

“யார்கிட்டயும் சொல்லித் தொலைச்சுடாதே. உனக்குத்தான் வாயில எதுவும் நிக்காதே!”