இரண்டு வார வாலண்டியர்

மழை ஓய்ந்து மும்பை கொஞ்சம் உலர்ந்ததும் தாராவிக்கு வாலண்டியர்கள் வரத் தொடங்குவார்கள். முதுகில் ஒரு பை, மார்பில் ஒரு பை, கையில் சானிடைசர். பெயர் ஜேம்ஸோ ஜென்னியோ, சேவைக்காலம் இரண்டு வாரம்.

2008இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தைப் பார்க்காமல் யாரும் விமானம் ஏறுவதில்லை. அதனால் நம்மவர் அழுவதற்குத் தயாராகத்தான் இறங்குகிறார். ஆனால் 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை ரகம் பிரித்து அரைக்கிறார்கள். கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்கள் சக்கரத்தை விட்டு நிமிர்வதில்லை. தோல் பட்டறையில் ஏற்றுமதிக்குக் கைப்பை தைக்கிறார்கள். விடிகாலையில் அவித்த இட்லி சைக்கிள் ஏறி ஊரெல்லாம் போய்விட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். அந்தச் சந்தில் சும்மா நிற்கும் ஒரே ஆள் அவர்தான்.

வகுப்பில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ ஆரம்பிக்கிறார். போன பேட்சும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தது, அதற்கு முந்தைய பேட்சும்தான். ஆனால் நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். ஆப்பிளை அன்றுதான் கேள்விப்பட்டதுபோல் வாய் பிளப்பார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளைகள்! பிறகு சுவருக்குப் பெயின்ட். போன வருஷம் நீலம், இந்த வருஷம் மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கும் படலம். மாட்டுங்காவில் 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து, ரச வடையை முள்கரண்டியால் துரத்துவார். செம்பூர் செட்டாநகர் முருகன் கோயிலில் 108 படியையும் வாய்விட்டு எண்ணி ஏறுவார். திங்கட்கிழமை எலிஃபெண்டாவுக்குக் கிளம்பி, குகைக்கு அன்று விடுமுறை என்பதைப் படகுத்துறையில் தெரிந்துகொள்வார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து தலை நரைத்துவிட்ட ஆச்சிக்கு எலிஃபெண்டா எந்தத் திசை என்றே தெரியாது. வாசலில் முறுக்குச் சுற்றியபடி அவள் இவரை வேடிக்கை பார்க்கிறாள். பேரனிடம் கேட்டாள்: “ஏல, இவுகளுக்கு அவுக ஊர்ல சோலி ஒண்ணும் இல்லையா?” பேரன் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னான்: “பாட்டி உங்களை வாழ்த்துறாங்க.” ஜேம்ஸ் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை, ரெண்டு முறுக்கு கொடுத்தாள்.

வேடிக்கை பார்ப்பதில் தப்பில்லை. 2019இல் டிரிப்அட்வைசர் பயணிகள் இந்தியாவில் தாஜ்மகாலைவிடத் தாராவிச் சுற்றுலாவுக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஷாஜகான் இருபது வருஷம் பளிங்கில் கட்டியதை நம்மாட்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தகரம் அடித்துத் தோற்கடித்திருக்கிறார்கள்! வந்து பார்க்கட்டும், வடை சாப்பிடட்டும், ஆச்சியிடம் காசு கொடுத்து முறுக்கும் வாங்கட்டும். ஊர் பார்க்க வந்ததற்குச் சேவை என்று பெயர் வைப்பதுதான் கொஞ்சம் உதைக்கிறது.

அடுத்த பேட்சுக்கு ஒரு வேண்டுகோள். சுவர் போதும், அது இனி ஒரு கோட்டுப் பெயின்டைத் தாங்காது. ஏ, பி, சி, டியும் ஆயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அல்ஜீப்ராவில் திணறுகிறார்கள். கணக்குத் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்புங்கள், இரண்டு வாரத்துக்கு அல்ல, மார்ச் பரீட்சை முடியும்வரை.